தரிசாய்க் கிடந்த பூர்வீகப் புஞ்சையில் முதலாண்டு
ஊர் திரும்பும் சிறு விவசாயிகளுக்குச் சில யோசனைகள்

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரிக் கிராமங்களில், பிழைப்புக்காக ஒருவரையாவது வெளியூருக்கு அனுப்பாத குடும்பத்தைக் காண்பது அரிது. மழை பொய்த்த ஆண்டுகளில் சென்னை, திருப்பூர், கோவை, மும்பை என்று போனவர்கள் பலசரக்குக் கடைகளிலும், ஹோட்டல்களிலும், பனியன் கம்பெனிகளிலும், கட்டட வேலையிலும் அமர்ந்துவிட்டார்கள். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 100 பேரில் 48 பேர் நகர்ப்புறத்தில் வசித்தனர். அவர்களில் பலருக்குக் கிராமத்தில் இன்னமும் இரண்டு மூன்று ஏக்கர் பூர்வீக நிலம் இருக்கிறது.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது இவர்களில் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். சிலர் நிலைமை சரியானதும் மீண்டும் புறப்பட்டார்கள்; சிலர் தங்கிவிட்டார்கள். வயதான பெற்றோர் தனித்து இருப்பதாலும், வீட்டு வாடகை கட்டுப்படியாகாததாலும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதாலும் வேறு சிலர் இப்போதும் வருகிறார்கள். வருகிறவர்கள் கையில் கொஞ்சம் சேமிப்பும், மனத்தில் நிறைய நம்பிக்கையும் இருக்கின்றன. ஆனால் முதலாண்டிலேயே கையிருப்பைக் கிணற்றிலும் மோட்டாரிலும் போட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டில் மறுபடியும் பஸ் ஏறுகிறவர்களும் உண்டு.

பத்து, பதினைந்து ஆண்டுகள் உழவு காணாத நிலம், அப்பன் உழுத அதே நிலம் அல்ல என்பதை மறந்துவிடுவதே இதற்குக் காரணம். எல்லை மாறியிருக்கும், முள் மண்டியிருக்கும், வரப்பு கரைந்திருக்கும், வாய்க்கால் தூர்ந்திருக்கும், மேல்மண் இறுகியிருக்கும். ஆகவே முதலாண்டை நிலத்தைத் திருத்துவதற்கு உரிய ஆண்டாகக் கருத வேண்டும். வருமானத்துக்கு உரிய ஆண்டாக அல்ல. எந்த வேலையை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தவறாமல் இருந்தால் செலவு பாதியாகக் குறையும். ஊரை விட்டுப் போகாமலேயே ஒரு துண்டு நிலத்தைத் தரிசாகப் போட்டு வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இந்த வரிசை பொருந்தும்.

முதலில் பத்திரம், பிறகு மண்வெட்டி

நிலத்தில் கால் வைக்கும் முன்னர், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பட்டா காலஞ்சென்ற தகப்பனார் பெயரிலோ, பாட்டனார் பெயரிலோ இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலையும், அ-பதிவேட்டையும் பார்க்கலாம். பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றை இ-சேவை மையத்தில் எடுத்துக்கொள்ளலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்றால், இடைக்காலத்தில் நிலம் அடமானமோ கிரயமோ ஆகியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுவதும் நிலவுடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். பட்டா என்று ஊரில் சொல்வது அதைத்தான். அப்போது வெளியூரில் இருந்தவர்களின் நிலத்தில் பெயரோ, பரப்போ, சர்வே எண்ணோ தவறாக ஏறியிருந்தால் அது இன்றுவரை அப்படியே தொடர்ந்திருக்கலாம். பழைய கிரயப் பத்திரத்தில் உள்ள பரப்பையும் இன்றைய பட்டாவில் உள்ள பரப்பையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் தாலுகா அலுவலகத்தில் விவரம் கேட்டு, மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனுச் செய்து திருத்தம் கோரலாம்.

தகப்பனார் பெயரில் பட்டா இருந்தால், வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் வைத்து வாரிசுகள் பெயரில் கூட்டுப் பட்டா பெறலாம். தனிப் பட்டா வேண்டுமானால் பாகப்பிரிவினையோ, விடுதலைப் பத்திரமோ பதிவு செய்து, நிலத்தை உட்பிரிவு செய்ய வேண்டும். இதில் சகோதரிகளின் பங்கை மறக்கக்கூடாது. இந்து குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில், மணமாகாத பெண்களுக்குத் தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டிலேயே சம உரிமை அளிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தம் மணமான பெண்களுக்கும் அவ்வுரிமையைத் தந்தது. அந்தத் திருத்தம் வந்தபோது தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. முள்ளை அகற்றி, கிணற்றைத் தூர் வாரி, நிலம் விளைந்த பிறகு பங்கு கேட்டு வழக்கு வருவதைவிட, முள் நிற்கும்போதே உடன்பிறந்தவர்களைக் கூட்டிப் பேசி எழுதிக்கொள்வது எல்லாருக்கும் நல்லது. வீட்டுக்கு வரும் அக்காள் தங்கையின் மனத்தாங்கலும் அதனால் தவிரும்.

பெயர் சரியாக இருந்தால்தான் அடங்கலில் பயிர் ஏறும். அடங்கல் இருந்தால்தான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் கிடைக்கும். பயிர்க் காப்பீடு செய்யவும் அதே அடங்கல்தான் தேவை. ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவர்கள் தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று பெற்று வைத்துக்கொள்வது மானியங்களுக்கு உதவும்.

அடுத்தபடியாக, தாலுகா அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி நில அளவரை வரவழைத்து எல்லை காட்டச் சொல்ல வேண்டும். நான்கு பக்கத்துக்காரர்களையும் முன்கூட்டியே சொல்லி அழைத்து, அவர்கள் கண்ணெதிரில் அளப்பதே முறை. காணாமற்போன அளவுக்கல்லை அன்றே நட்டுவிட வேண்டும். முள்ளுக்குள் எல்லை தெரியவில்லை என்றால், எல்லையோரமாக ஓராள் நடக்கும் அகலத்துக்கு மட்டும் முதலில் வெட்டி வழி செய்துகொள்ளலாம்.

இடையில் உழுது வந்தவர் இருந்தால்

நிலம் முழுத் தரிசாகக் கிடக்காமல், பங்காளியோ பக்கத்து நிலத்துக்காரரோ உழுது வந்திருக்கலாம். வாய்ப்பேச்சில் வாரத்துக்கோ, குத்தகைக்கோ, சும்மாவோ விட்டுப் போனது நாளடைவில் எப்படி விடப்பட்டது என்பதே மறந்துபோகும். ஊருக்கு வந்த மறுநாளே, “நிலத்தை விடு” என்று கேட்பது சரியன்று. வரப்பு நிற்பதும் முள் ஏறாதிருப்பதும் அவர் உழுததால்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டத்தையும் இரு தரப்பாரும் தெரிந்துகொள்வது நலம். குத்தகை செலுத்தித் தம் உழைப்பில் பயிர் செய்பவரை நினைத்தபடி வெளியேற்றுவதற்கு 1955ஆம் ஆண்டு தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. உரிமையாளருக்கு எதிராகப் பகிரங்கமாக 12 ஆண்டுகள் இடைவிடாமல் நிலத்தை அனுபவித்து வந்தவர் அனுபவ பாத்தியதை கோருவதற்கு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் உரிமையாளரின் அனுமதியின் பேரில் உழுது வந்தவர், எத்தனை ஆண்டு உழுதிருந்தாலும், அந்த அனுமதியைக் கொண்டு நிலம் தமது என்று சொல்ல முடியாது.

நிற்கும் பயிர் அறுவடையாகும்வரை பொறுத்திருந்து, ஊர்ப் பெரியவர் இருவரை வைத்துக்கொண்டு பேசுவதே நல்ல வழி. ஒரேயடியாக முழு நிலத்தையும் கேட்காமல், முதலாண்டு ஒரு பகுதியையும் அடுத்த ஆண்டு மீதியையும் பெற்றுக்கொள்ளலாம். அவரே உழவுக்கும் விதைப்புக்கும் கூட நின்றால், பத்தாண்டு மழையை அந்த மண்ணில் பார்த்தவரின் அனுபவம் ஊர் திரும்பியவருக்குச் செலவின்றிக் கிடைக்கும். எந்த ஏற்பாடானாலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

சீமைக் கருவேலை வேரோடு எடுக்க வேண்டும்

தென் மாவட்டத் தரிசுகளின் முதல் எதிரி சீமைக் கருவேல மரமாகும். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், விறகுப் பஞ்சத்தைப் போக்கும் என்று ஒரு காலத்தில் சர்க்காராலேயே பரப்பப்பட்டது. விறகும் மூட்டக்கரியும் தந்து பல ஏழைக் குடும்பங்களுக்கு அது சோறு போட்டதும் உண்மை. ஆனால் விட்டுப்போன புஞ்சையில் ஏறினால் சில ஆண்டுகளில் ஆள் நுழைய முடியாத காடாகிவிடும்.

இதை அகற்றுவதில் பலர் செய்யும் தவறு, தரைக்கு மேல் வெட்டிவிட்டு நிலம் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பதாகும். வெட்டிய அடிக்கட்டையில் மண்ணுக்குள் இருக்கும் கணுக்களிலிருந்து பல கிளைகள் வெடித்து, முன்னிலும் அடர்த்தியாக வளரும். ஆகவே தரைக்குக் கீழே ஓரடி ஆழத்துக்காவது தோண்டி, வேர்த்தலையை முழுவதுமாக வெளியே எடுக்க வேண்டும். சிறு மரங்களுக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். பெரிய மரங்களுக்கு மண் தோண்டும் இயந்திரம் வேண்டியிருக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையில் இயந்திரங்கள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. தனியாரிடம் பேசுமுன் அங்கு விசாரித்துக்கொள்வது நல்லது.

மரத்தை விலைக்குக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விறகு வாங்குபவருக்கு மேல்மரம் போதும். தூர் எடுப்பது அவருக்குச் செலவு. எனவே விலை சற்றுக் குறைந்தாலும், தூரோடு எடுத்துக் குழியை மூடித் தருவதாகப் பேச வேண்டும். மேல்மரத்தை விற்றுப் பணம் வாங்கிக்கொண்டு, பின்னர் அடிக்கட்டைக்கு இயந்திரம் வைத்தால் வந்த பணத்துக்கு மேல் போய்விடும்.

வேர் எடுப்பதற்குப் பங்குனி முதல் ஆடி வரையிலான வறண்ட மாதங்கள் ஏற்றவை. அத்துடன் வேலை முடிந்துவிடாது. மண்ணில் விழுந்து கிடக்கும் விதைகள் முதல் மழைக்கு முளைக்கும். ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கும்போது ஈர மண்ணில் கையாலேயே பிடுங்கிவிடலாம். அதை விட்டால் ஆணிவேர் இறங்கிவிடும். மூன்று ஆண்டுகளுக்கு ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு நாளை இதற்கென ஒதுக்க வேண்டும்.

முள்ளை எடுக்கும்போது வேம்பு, உடை, நாட்டுக் கருவேல், பனை ஆகியவற்றைக் காப்பாற்ற வேண்டும். இவை வரப்போரம் நின்றால் நிழலும் காற்றுத் தடுப்பும் ஆகும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

பாழுங் கிணற்றில் இறங்கக்கூடாது

நீண்ட காலம் இறைக்காத கிணறு உயிருக்கு ஆபத்தானது. அழுகிய இலை தழையும் சேறும் விஷவாயுவை உண்டாக்கியிருக்கும். அடியில் மூச்சு விடப் போதிய காற்று இராது. மேலே நிற்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இறங்கியவர் சில நிமிடங்களில் மயங்கி விழுவார். அவரைத் தூக்குவதற்கு இறங்கும் தம்பியும், அடுத்து இறங்கும் மகனும் அதே கதிக்கு ஆளாவார்கள். ஒரே கிணற்றில் ஒரு வீட்டார் இருவர் மூவர் மாண்ட துயரங்கள் நடந்ததுண்டு.

ஆகவே தூர் வாருவதானால் அனுபவமுள்ள ஆட்களைக் கொண்டு, முதலில் மேலிருந்தே குப்பையையும் நீரையும் எடுத்து, காற்றுப் போக்கு உண்டாக்கிய பிறகே செய்ய வேண்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவராவது அதைப் பிடித்திருக்க வேண்டும். எரியும் விளக்கை இறக்கிப் பார்ப்பதை மட்டும் நம்பக்கூடாது. தீப்பற்றும் வாயு இருந்தால் அதுவே விபத்தாகும். டீசல் என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் புகை ஆளைக் கொன்றுவிடும். யாராவது மயங்கினால் பின்னால் இறங்காமல், உடனே 101 என்ற எண்ணில் தீயணைப்புத் துறையையும் 108 என்ற எண்ணில் ஆம்புலன்சையும் அழைக்க வேண்டும்.

நிலத்தில் கைவிட்ட ஆழ்குழாய்க் கிணறு திறந்து கிடந்தால், வேறு எந்த வேலைக்கும் முன்னர் அதை உறுதியாக மூடிவிட வேண்டும். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் ஒரு நாள் தாமதமும் ஆகாது.

புது ஆழ்குழாய் போடும் எண்ணத்தை முதலாண்டு ஒத்திவைப்பது நல்லது. கடலோரப் பகுதிகளிலும் ராமநாதபுரம் மாவட்டத்தின் பல இடங்களிலும் நிலத்தடி நீர் உப்பாக இருக்கிறது. செலவு செய்து தோண்டிய பிறகு உப்புநீர் வந்தால், அதைப் பாய்ச்சி நிலத்தையும் கெடுத்துக்கொள்ள நேரும். அக்கம்பக்கத்துக் கிணறுகளிலிருந்து, மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சுத்தமான பாட்டிலில் நீர் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

கோடை உழவும் வரப்பும்

மானாவாரி நிலத்தில் பெய்யும் மழையை நிலத்திலேயே நிறுத்துவதுதான் முதல் பாசனம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அந்த மழை வருமுன் வரப்பு நிற்க வேண்டும். கரைந்த வரப்பை உயர்த்தி, நீர் வழியும் இடத்தில் கல் அடுக்கிக் கலுங்கு போல் விட்டால் மண் அரிக்காது. நிலத்தின் பள்ள மூலையில் பண்ணைக் குட்டை அமைக்க இடமிருந்தால், வேளாண்மைப் பொறியியல் துறையில் உதவித் திட்டம் உண்டா என்று கேட்கலாம்.

சித்திரையில் ஒரு கோடை மழை கிடைத்தவுடன் சரிவுக்குக் குறுக்காக உழ வேண்டும். பல ஆண்டுகள் மிதிபட்டு இறுகிய நிலத்தில் சாதாரணக் கலப்பை மேலோடு போகும். இதற்கு உளிக்கலப்பை ஏற்றது. அரை மீட்டர் இடைவெளியில் இழுத்தால் அடியிலுள்ள இறுகிய அடுக்கு உடைந்து, மழைநீர் கீழே இறங்கும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை இவ்வாறு உழுதால் போதும். கோடை உழவினால் கோரைக் கிழங்கும் அறுகம்புல் வேரும் புரண்டு வெயிலில் காய்கின்றன. மண்ணில் உறங்கும் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து பறவைகளுக்கு இரையாகின்றன. சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது இதனால்தான்.

மண்ணைப் பரிசோதித்தல்

உரம் வாங்குமுன் மண் பரிசோதனை செய்ய வேண்டும். மேட்டுப் பகுதியும் பள்ளப் பகுதியும் வேறுவேறு நிறமாக இருந்தால் தனித்தனி மாதிரி தேவை. மேலே கிடக்கும் சருகை நீக்கி, மண்வெட்டியால் ஆங்கில வி எழுத்துப் போல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் செதுக்கி எடுக்க வேண்டும். இவ்வாறு 10 முதல் 15 இடங்களில் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைக் கழித்துக்கொண்டே வந்து, அரைக் கிலோ மண்ணை நிழலில் உலர்த்தித் துணிப் பையில் கட்ட வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம், முள் எரித்த சாம்பல் கிடக்கும் இடம் ஆகியவற்றில் எடுக்கக்கூடாது. பெயர், ஊர், சர்வே எண், போடவிருக்கும் பயிர் ஆகியவற்றை எழுதி அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுத்தால் ஆய்வுக்கு அனுப்புவார்கள். மண் களராக இருக்கிறதா, உவராக இருக்கிறதா என்பதும் இதில் தெரியும். களர் மண்ணுக்கு ஜிப்சம் எவ்வளவு இடுவது என்று சிபாரிசும் கிடைக்கும்.

வண்டல், கிடை, பசுந்தாள்

இறுகிய நிலத்துக்கு உயிரூட்ட விலை கொடுத்து வாங்கும் உரத்தைவிட ஊரிலேயே கிடைப்பவை சிறந்தவை. கண்மாய் வற்றியிருக்கும் வைகாசி, ஆனியில் வண்டல் மண் எடுக்கலாம். விவசாயிகள் அனுமதி பெற்று வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழி செய்திருக்கிறது. புஞ்சை நிலத்துக்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம். மணற்பாங்கான செம்மண்ணுக்கு வண்டல் மிகுந்த பயன் தரும். ஏற்கெனவே கரிசலாக உள்ள நிலத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தைகளுடன் ஊர் ஊராகக் கிடை போட்டு வருவது வழக்கம். புரட்டாசி விதைப்புக்கு முன்னர் சில இரவுகள் கிடை போட்டால் புழுக்கையும் சிறுநீரும் நிலத்திலேயே சேர்கின்றன. கிடை எடுத்த மறுநாளே மேலாக உழுது மூடிவிட்டால் சத்து வீணாகாது. சீமைக் கருவேல நெற்றைத் தின்ற ஆடுகளின் புழுக்கையில் அதன் விதை கெடாமல் வெளிவரும் என்பதையும் நினைவில் வைத்து, கிடை போட்ட நிலத்தில் முள் நாற்றைக் கவனமாகப் பிடுங்க வேண்டும்.

நிலத்தில் மிக மெலிந்த பகுதியைப் பயிருக்கு விடாமல், பருவ மழைக்குக் கொளுஞ்சி விதைக்கலாம். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். தோல் கடினமானதாகையால் விதையை மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். கொளுஞ்சியை ஆடு மாடு விரும்பித் தின்பதில்லை. வேலி போட இன்னும் பணம் சேராத முதலாண்டில் இது பெரிய அனுகூலம். பூக்கும் தருணத்தில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே மடக்கி உழ வேண்டும்.

முதல் விதைப்பு

முதலாண்டில் மிளகாய், பருத்தி போன்ற செலவு மிகுந்த பயிர்களில் இறங்க வேண்டாம். அவற்றில் லாபம் உண்டென்றாலும், மழை தவறினால் இழப்பும் பெரிது. மூன்று ஏக்கர் உடையவர் ஓர் ஏக்கரில் குதிரைவாலி, ஓர் ஏக்கரில் உளுந்து, ஓர் ஏக்கரில் கொளுஞ்சி என்று பிரித்துக்கொள்ளலாம்.

குதிரைவாலி குறைந்த மழையிலும் விளையும். வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். ஏறத்தாழ 95 நாளில் அறுவடைக்கு வரும். தானியம் வீட்டுக்கு, தட்டை மாட்டுக்கு. விலை விழுந்தாலும் வயிறு நிறையும்.

உளுந்துக்கு ஏக்கருக்கு 8 கிலோ விதை வேண்டும். விதைக்குமுன் ஒரு பொட்டலம், அதாவது 200 கிராம் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையோடு புரட்டி நிழலில் உலர்த்த வேண்டும். பல ஆண்டுகள் பயறு காணாத நிலத்துக்கு இது மிகவும் அவசியம். வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் விட்டால் களை எடுக்க எளிது. பூக்கும் தருணத்தில் ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி. உரத்தை முதல் நாள் மாலை 10 லிட்டர் நீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கி மாலை வேளையில் தெளிக்க வேண்டும். 15 நாள் கழித்து மீண்டும் ஒரு முறை தெளித்தால் காய்கள் திரட்சியாகும்.

எந்த ரகம் என்பதை அந்தந்த ஆண்டு வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டை, பரமக்குடி ஆகிய ஊர்களில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள் இப்பகுதிக்கு ஏற்ற மானாவாரிப் பயிர்களை ஆராய்பவை. ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்து வருவது பஸ் செலவுக்கு மேல் பயன் தரும்.

விதைத்த கையோடு பயிர்க் காப்பீடும் செய்துவிட வேண்டும். 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ராபி பருவத் தானியங்களுக்கும் பயறுகளுக்கும் விவசாயி செலுத்த வேண்டியது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 1.5 சதவீதமே. கடைசி நாள் பயிருக்குப் பயிர் மாறுபடும். முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கையிருப்பைக் காப்பாற்றுவது

சேமநல நிதியும் நகையும் ஒரு முறைதான் கைக்கு வரும். அதில் ஒன்றரை ஆண்டுக் குடும்பச் செலவுக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், மருத்துவத்துக்கும் வேண்டியதை முதலில் தனியே எடுத்து வங்கியில் போட்டுவிட வேண்டும். எஞ்சியதில்தான் நிலத்துக்குச் செலவிட வேண்டும். நிலத்துச் செலவிலும் பத்திரம், அளவை, முள், வரப்பு, உழவு, விதை என்பதே வரிசை. கிணறு, மோட்டார், வேலி யாவும் இரண்டாம் ஆண்டு விளைச்சலைப் பார்த்த பிறகு.

குடும்பம் முழுவதும் ஒரே நாளில் பட்டணத்து வேலையை விட்டுவிடுவதும் யோசிக்கத் தக்கது. இயலுமானால் ஒருவர் முதலில் வந்து நிலத்தைத் திருத்த, மற்றொருவர் இரண்டு மழைக்காலம் வரை சம்பளத்தில் இருக்கலாம். கடன் அவசியமானால் கூட்டுறவுச் சங்கத்தையே நாட வேண்டும். பயிர்க் கடனைத் தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டி கிடையாது. கந்து வட்டிக்கு வாங்கி மானாவாரியில் போடுவது மழையை ஜாமீன் வைத்துக் கடன் வாங்குவதற்குச் சமம்.

மாதவாரியாகச் செய்ய வேண்டியவை

தை, மாசி: பட்டா, வாரிசு, வில்லங்கம், பாகப்பிரிவினை, நில அளவை.
பங்குனி, சித்திரை: சீமைக் கருவேலை வேரோடு எடுத்தல், கோடை உழவு.
வைகாசி, ஆனி: மண் மாதிரி எடுத்தல், வண்டல் அடித்தல், வரப்பு உயர்த்துதல்.
ஆடி, ஆவணி: கிடை போடுதல், இரண்டாம் உழவு, விதை வாங்குதல், முளைப்புத் திறன் பார்த்தல்.
புரட்டாசி, ஐப்பசி: விதைப்பு, காப்பீடு, அடங்கலில் பயிரைப் பதிவு செய்தல், முள் நாற்றுப் பிடுங்குதல்.
கார்த்திகை, மார்கழி: களையெடுப்பு, டி.ஏ.பி. தெளிப்பு, கொளுஞ்சியை மடக்கி உழுதல்.
தை: அறுவடை, வரவு செலவுக் கணக்கு.

தை அறுவடையில் கிடைப்பது சில மூட்டைத் தானியமும் கொஞ்சம் உளுந்துமாக இருக்கலாம். போட்ட செலவு முழுவதும் திரும்பாமலும் போகலாம். ஆனால் பெயர் சரியான பட்டாவும், முள்ளில்லாத நிலமும், நீரை நிறுத்தும் வரப்பும், மடக்கி உழுத ஓர் ஏக்கரும் கைவசம் இருக்கும். கடன் இராது. பக்கத்து நிலத்துக்காரரோடும் உடன்பிறந்தவர்களோடும் பகை இராது. இரண்டாம் ஆண்டு எந்தப் பயிருக்குப் போகலாம், கிணறு வெட்டலாமா என்பதை அப்போது நிதானமாக முடிவு செய்யலாம்.